பிஸ்தாத் தோப்புக்கு ஒரு மாப்பிள்ளை

என் கல்யாணச் சோற்றைச் சங்காப் ஊரே மெச்சியது. பெரிய இரும்புக் கொப்பரையில் ஆட்டிறைச்சியும் மஞ்சள் கேரட்டும் அரிசியுமாக வெந்த சோறு. தீயில் புகையே இல்லை, அரிசி ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று ஆண்கள் விரலை நக்கிக்கொண்டு பேசினார்கள். திரைக்குப் பின்னால் முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்த எனக்குப் பிசின் வாசனை மூக்கில் ஏறியது. எரிவது பிஸ்தாக் கட்டை. எங்கள் மலைப்பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்த வாசனை தப்பாது. எனக்காக ஒரு மரத்தையே வெட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் அறிவு அப்போது அவ்வளவுதான்.

வெட்டியது எந்த மரம் என்று கல்யாணச் சந்தடி ஓய்ந்தபிறகு மாமியார் பீபிஹாஜருடன் தோப்புக்குப் போனபோதுதான் தெரிந்தது. எங்கள் தோப்பு ஊருக்கு வெளியே, மலையின் நிழல் சரிவில் இருக்கிறது. அங்கே தண்ணீர் பாய்ச்சுவது என்ற பேச்சே கிடையாது. மே மாதம் கழிந்தால் மழையும் இல்லை. புல் காய்ந்து வைக்கோலாகிவிடும், ஆடுகள் மண்ணை முகர்ந்துகொண்டு திரியும், பிஸ்தா மட்டும் பச்சையாக நிற்கும். அதன் வேர் எங்கே போய்க் குடிக்கிறதோ, அதற்கே வெளிச்சம். அந்தத் தோப்பின் மேல் முனையில், இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத ஓர் அடிக்கட்டை புதிதாக வெட்டுப்பட்டுப் பிசின் வடித்துக்கொண்டிருந்தது.

"இதையா அத்தை வெட்டினாங்க?"

"இதைத்தான். மகன் கல்யாணம்னதும் உன் மாமனாருக்குக் கை தாராளமாயிடுச்சு."

"இது ஆண்மரம்ல?"

"அதான் வெட்டினார். காய்க்கிறதையா வெட்டுவாங்க?"

"அப்ப காய் எப்படிப் பிடிக்கும்?"

"நானும் கேட்டேன். ஹைதரோட ஆண்மரம் அந்தப் பக்கம் நிக்குது, அவன் என்ன காத்துக்கு வேலி போட்டிருக்கானான்னு திருப்பிக் கேட்டார். கல்யாண வீட்டுல எதுக்கு வம்புன்னு வாயை மூடிக்கிட்டேன்."

பிஸ்தாவில் ஆண் தனி, பெண் தனி. முளைத்து நிற்கிற கன்று எது என்று பூக்கிறவரை தெரியாது, பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும். வீட்டில் பிள்ளை பிறக்கும்போது ஆணாக இருக்கட்டும் என்று துவா கேட்கிற அதே வாய், தோப்பில் பெண்ணாக இருக்கட்டும் என்று கேட்கும். ஆணும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்று இருந்தால் ஒரு தோப்புக்குப் போதும், காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பக்கத்துத் தோட்டத்து ஹைதரின் மரத்தை நம்பி மாமனார் ஸஃபரலி தன் மரத்தைக் கொப்பரைக்கு அடியில் வைத்துவிட்டார். ஊரும் அதில் ஒரு தப்பும் காணவில்லை. சோறு வேறு நன்றாக இருந்தது.

வசந்தம் வருவதற்குள் என் கணவர் குல்மஹ்மத் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் கல்யாணம் பண்ணிக்கொள்கிற ஆண்கள் எல்லோருக்கும் அதுதான் விதி. நான் மாமியாரோடு மாவு பிசைந்துகொண்டும், மாமனாருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டும், வெள்ளிக்கிழமைதோறும் வந்து அதிகாரம் பண்ணுகிற நாத்தனார் தோஜினிசாவுக்குப் பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டும் இருந்தேன். தோஜினிசா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டு அடுப்பில் இருப்பதைவிட எங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதில் அவளுக்கு அக்கறை அதிகம்.

ஆகஸ்ட்டில் தோப்பு பார்க்கிறவர் கண் படுகிற மாதிரி இருந்தது. குலை குலையாக, இளஞ்சிவப்பாக, கிளை தாழத் தொங்கியது. மாமனார் மீசையை நீவிக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து உலுக்கிப் பறித்து, முற்றத்தில் கொட்டி, மேல்தோலைக் கையால் கசக்கி எடுத்தோம். விரலெல்லாம் பிசின் கறை. பிறகு வழக்கப்படி தொட்டித் தண்ணீரில் கொட்டினோம். பருப்பு உள்ளது அடியில் போகும், சொத்தை மிதக்கும், மிதப்பதை அரித்து எறிந்துவிடுவோம்.

எல்லாமே மிதந்தது.

மாமியார் கையை விட்டு ஓர் அமுக்கு அமுக்கினாள். கையை எடுத்ததும் திரும்ப மேலே வந்தது. பிஸ்தாவின் குணம் அப்படி. பூந்தூள் படாவிட்டாலும் ஓடு மட்டும் வஞ்சனை இல்லாமல் வளர்ந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. நல்ல காய் முற்றினால் தானே வாய் பிளக்கும், அதைச் சிரிக்கிற காய் என்போம். எங்கள் காய் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஹைதர் வீட்டுக் கூரையில் உலர்த்தியிருந்தது எல்லாம் சிரித்துக்கொண்டு கிடந்தது.

தோஜினிசா தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்கம்மா இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இப்படி ஒரு வருஷம் பார்த்ததில்ல. இப்பத்தானே புதுசா ஒரு கால் வீட்டுக்குள்ள வந்துச்சு" என்றாள்.

"சும்மா இருடி" என்றாள் மாமியார்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? பக்கத்துத் தோப்பு நிறைஞ்சிருக்கு, நம்மது மட்டும் காலி. மரம் அதேதான், மண்ணு அதேதான். புதுசு யாரு?"

நான் மாமனாரைப் பார்த்தேன். மரத்தை வெட்டியது அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பனி விழுந்திருக்கும்" என்று முனகிவிட்டு மசூதிக்குக் கிளம்பினார். என் தலையில் பழி விழுந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அந்தச் சாக்கில் அவர் நழுவிப் போனதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தத் தொட்டியையே கவிழ்த்திருப்பேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் ரொட்டி காலி ஓட்டில்தான் வெந்தது. ஓடு நன்றாக எரியும், அதில் குறை சொல்ல முடியாது. இலைகளில் பூச்சி உண்டாக்குகிற சிவப்புப் பைகளை நானும் மாமியாரும் பொறுக்கி உலர்த்தித் தோல் பதனிடுகிறவனுக்கு விற்றோம். கிளைப் பிசினைச் சுரண்டிப் பல்வலிக்காரர்களுக்குக் கொடுத்தோம். பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பாலுக்குப் போகும் இடம், ரொட்டி அடுப்பு, சாவு வீடு எங்கே போனாலும் என் பெயருக்கு முன்னால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. புதுப்பெண்கள் என் கையிலிருந்து ரொட்டி வாங்கத் தயங்கினார்கள். அடுத்த வருஷமும் வெறும் ஓடு வந்தால் சாகிறவரை நான் அனோர்குல் இல்லை, தோப்பைக் காலி பண்ணினவள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தோஜினிசா எங்கிருந்தோ ஒரு தாயத்து வாங்கி வந்து தோப்பின் முதல் மரத்தில் கட்டினாள். என் கழுத்துக்கும் ஒன்று கொண்டுவந்தாள்.

"மரத்துல கட்டிட்டீங்கள்ல அக்கா, காய்க்கிறது அதுதானே" என்றேன்.

"வாய் மட்டும் நல்லாக் காய்க்குது உனக்கு" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் நான் தோப்பை விட்டு நகரவில்லை. ஆடு மேய்க்கிற சாக்கில் தினமும் போவேன். ஹைதரின் ஆண்மரம் வெயில் சரிவில் நிற்கிறது. இலை வருவதற்கு முன்பே அதில் பூங்கொத்துகள் சிவந்து தடித்து வெடித்தன. காற்று அடிக்கிறபோதெல்லாம் மஞ்சள் தூள் ஒரு புகையாக எழும்பி எங்கள் தோப்பின்மேலும்தான் வந்தது. எங்கள் பெண்மரங்களில் மொட்டு அப்போது இறுக்கி மூடிய கைபோல இருந்தது. ஹைதரின் மரம் கொட்டித் தீர்த்து, பூங்கொத்துகள் பழுப்பாகித் தரையில் உதிர்ந்துகிடந்த பிறகுதான் எங்கள் மரத்தில் மொட்டு லேசாக நெகிழ ஆரம்பித்தது. நிழல் சரிவுக்குச் சூடு பிந்தித்தான் வரும். வெட்டிய மரமும் இதே நிழலில் நின்றதால் இவற்றோடு சேர்ந்து பூத்திருக்கிறது. காற்று பொதுதான். நேரம் பொது இல்லை.

நான் ஆட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாமியார் தந்தூர் அடுப்புச் சுவரில் ரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என் கால் இல்ல, பூவுதான். ஹைதர் மரம் முடிச்சிட்டுது. நம்மது இன்னும் கண்ணே திறக்கல."

அவள் கையில் மாவோடு நின்று முழுசாகக் கேட்டாள். பிறகு வந்து பார்த்தாள். உதிர்ந்த ஒரு கொத்தை எடுத்து உள்ளங்கையில் தட்டினாள், ஒரு பொட்டுத் தூள் விழவில்லை.

"சரிதான். இப்ப ஆம்பளைக்கு எங்க போறது? ஊர்ல இருக்கிற ஆண்மரம் எல்லாம் வெயில் பக்கத்துலதான். எல்லாம் கொட்டிட்டுது."

"எங்க ஊர்ல இருக்கு. நௌதாரா உசரம். மேல போகப் போக எல்லாம் பிந்தித்தானே பூக்கும். எங்கப்பா கல்லறைக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்குது, இப்பத்தான் வெடிக்க ஆரம்பிச்சிருக்கும். கிளையை வெட்டிட்டு வந்து கட்டிடலாம்."

அன்று மாலைத் தேநீரோடு மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பூப்பிச்சை கேக்கிறதா? ஸஃபரலி மரத்தை வெட்டிட்டு முழிக்கிறான்னு மலை முழுக்கச் சொல்லிட்டு வரவா? வேண்டாம். ஆண்டவன் குடுப்பான்."

"போன வருஷமும் அவன்தான் குடுத்தான், ஓடு" என்றாள் மாமியார்.

அவர் எழுந்து போய்விட்டார். மாமியார் மறுநாள் விடியுமுன் கழுதையை அவிழ்த்து என் கையில் கயிற்றைக் கொடுத்தாள். பனி உருகி ரோட்டை அரித்திருந்ததால் வண்டி எதுவும் மேலே போகவில்லை. "அவரை நான் பார்த்துக்கிறேன். மொட்டு மலர்றதுக்குள்ள வந்து சேரு" என்றாள். அவசரத்தில் நாங்கள் இருவருமே ஒன்றை மறந்துபோனோம்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குப் போனால் துணியில் கட்டிய ரொட்டியோடு, துணைக்கு ஆளோடு போவாள். வெறுங்கையோடு தனியாக வந்து நின்றால் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். நான் வெறுங்கையைவிட மோசம், கழுதைமேல் காலிச் சாக்குகளோடு போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என் பொண்ணே! அடிச்சானா? துரத்திட்டாங்களா?"

"அவர் ரஷ்யாவுல இருக்காரும்மா. அங்கிருந்து எப்படி அடிப்பார்?"

"அப்ப அந்தக் கிழவனா?" என்று என் அண்ணன் ஸாதிக் மூலையிலிருந்த தடியை எடுத்தான். "அவன் தாடியைப் பிடுங்கிட்டு வரேன்."

"அண்ணே, தடியைப் போட்டுட்டு அரிவாளை எடு."

அம்மாவின் அழுகை இன்னும் ஒரு கட்டை ஏறியது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேல் தலையை நீட்டிவிட்டார்கள். நான் கழுதைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்து, கல்யாணச் சோற்றில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.  பிறகு ஸாதிக் சிரித்தான் பாருங்கள், தரையில் உருண்டு சிரித்தான்.

"ஊர் ஊரா மாப்பிள்ளை தேடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். தோப்புக்கு மாப்பிள்ளை தேடி வந்தவ நீ ஒருத்திதான்" என்றான்.

"சிரிச்சது போதும். உன் தங்கச்சிய ஊரே தூத்துது" என்றாள் அம்மா. அவள் முகம் அழுகையிலிருந்து நேராகக் கோபத்துக்குப் போயிருந்தது.

அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்து மரம் சரியான பக்குவத்தில் இருந்தது. முழுக்க வெடித்த கொத்து உதவாது, வழியிலேயே கொட்டிவிடும். பச்சையாக இருப்பதும் உதவாது, வெட்டியபின் வெடிக்காது. நுனியில் மட்டும் மஞ்சள் காட்டுகிற கொத்தாகப் பார்த்து ஸாதிக் மேலேயிருந்து வெட்டிப் போட, நான் ஈரச் சாக்கில் சுற்றி அடுக்கினேன். வெட்டுவாயெல்லாம் நனைந்த துணி. மறுநாள் விடிகாலைக் குளிர்ச்சியிலேயே கிளம்பிவிட்டோம். ஸாதிக் தன் குதிரையில் பாதிச் சுமையை ஏற்றிக்கொண்டு கூடவே வந்தான். தடியையும் எடுத்துக்கொண்டான். "எதுக்கும் இருக்கட்டும்" என்றான்.

இது ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மருமகள் சொல்லாமல் பிறந்தவீடு போனாள். மறுநாள் அண்ணன் குதிரையோடும் தடியோடும் வருகிறான். சங்காப் ஊர் எல்லையில் எங்களைப் பார்த்த ஒரு பையன் ஓடிப்போய்ச் சொல்ல, தோஜினிசா எங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாங்கள் போனபோது வாசலில் பாதி ஊர் நின்றது.

"அண்ணன்காரன் வந்துட்டான், சீர் சாமானைத் தூக்கிட்டுப் போக! எங்க தம்பி அங்க பனியில செங்கல் தூக்கறான், இங்க இவ குடும்பத்தைக் கலைக்கிறா" என்று தோஜினிசா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் பட்டு அங்கியைப் போட்டு இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றார். சண்டைக்கோ பஞ்சாயத்துக்கோ தயார் என்று அதற்கு அர்த்தம்.

ஸாதிக் குதிரையிலிருந்து இறங்கி நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னான். "மாமா, மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கேன். வெயில் ஏறினா செத்துப்போவான். பேச்சை அப்புறம் வச்சுக்கலாமா?"

மாமனார் சாக்கைப் பார்த்தார். மாமியார் அவருக்குப் பின்னாலிருந்து வந்து, அவரை ஒரு மூட்டையை நகர்த்துவதுபோலத் தோளால் நகர்த்திவிட்டு, கழுதைக் கயிற்றைப் பிடித்தாள். "மொட்டு காலையில மலர்ந்துட்டுது. நட" என்றாள் என்னிடம். நேராகத் தோப்புக்கு நடந்தோம். ஊரும் பின்னால் வந்தது, இலவசமாகக் கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்கள்?

பெண்பூவில் இதழ் கிடையாது, மணம் கிடையாது, தேனீயும் வராது. மண்ணெண்ணெய் விளக்குத் திரிபோல ஒரு சின்னச் சிவந்த நுனி, அவ்வளவுதான். அதில் ஈரம் இருக்கும்வரைதான் அவகாசம். நாங்கள் கிளைகளைத் தண்ணீர் நிரம்பிய பழைய வாளிகளில் செருகி மரத்துக்கு மரம் தொங்கவிட ஆரம்பித்தோம். நான் பாதித் தூளைச் சல்லாத் துணியில் தட்டி எடுத்து, மாவோடு கலந்து, கழியில் கட்டி உதறலாம் என்றேன். தூள் கொஞ்சம், மரம் அதிகம்.

"மாவையா? காத்துலயா?" மாமியார் திடுக்கிட்டாள். "ரொட்டியா ஆகவேண்டியதை மண்ணுல இறைக்கிறது பாவம்டி. அப்புறம் காய் எங்கேர்ந்து வரும்?"

"அப்ப எதுல கலக்கிறது அத்தை?"

அவள் யோசித்தாள். "தவிட்டுல கலக்கு. கோழிக்குப் போடறதுதானே. ஆண்டவன் தவிட்டைக் கணக்குல வைக்கமாட்டான்."

தவிட்டை நன்றாகச் சலித்துக் கலந்தோம். கழியைத் தூக்கி உதறப் போனபோது, அதுவரை வெட்டுப்பட்ட அடிக்கட்டைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமனார் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"இப்ப உதறினா எல்லாம் ஹைதர் வீட்டு ஆட்டுக்குத்தான். காத்து மேலேர்ந்து கீழ இறங்குது."

எல்லோரும் நின்றோம்.

"மத்தியானத் தொழுகைக்கு முன்னால பள்ளத்துக் காத்து திரும்பும். கீழேர்ந்து மேல ஏறும். வாளியெல்லாம் கீழ் வரிசைக்குக் கொண்டுபோங்க." சற்றுப் பொறுத்து, "அந்தத் தவிட்டை வெயில்ல வைக்காதீங்க" என்றார்.

 ஸாதிக் சிரிப்பை அடக்க இருமினான். வாளிகளைக் கீழே இறக்கிக் காத்திருந்தோம். காற்று அவர் சொன்னபடியே திரும்பியது. நாங்கள் உதற உதற மஞ்சள் தூள் சரிவில் மேலேறிப் போனது. கழி எனக்குக் கனத்தபோது அவர் வந்து பேசாமல் அதை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தாடி மஞ்சள், மாமியார் முக்காடு மஞ்சள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தும்மினார்கள். எனக்கு அன்றைக்குக் கல்யாண நாளைவிடச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்று என்னால் எதையும் பார்க்க முடியவில்லை, முக்காடு.

அதன்பிறகு காத்திருப்பு. மே மாதத்திலேயே ஓடு முழு அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை. பருப்பு ஜூலையில்தான் ஓட்டுக்குள் ஏறும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. குல்மஹ்மத் போனில் கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"குலை பெருசா இருக்குங்க."

"போன வருஷமும் பெருசாத்தானே இருந்துச்சு?"

"வேற பேச்சே கிடையாதா உங்களுக்கு? சாப்பிட்டீங்களா?"

ஜூலைக் கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு காயைப் பறித்துப் பல்லிடுக்கில் வைத்தேன். எங்கிருந்துதான் பார்த்தாளோ, மாமியார் கையைத் தட்டிவிட்டாள். "பிள்ளைத்தாச்சி வயித்தைக் கீறிப் பார்ப்பாங்களா? இரு" என்றாள். அவளும் இரவில் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மாமனார் தோப்பில் ஒரு பெண்மரத்தின் கிளையில் வரும் வருஷங்களுக்காக ஸாதிக் அனுப்பிய ஆண்மரத்து மொட்டை ஒட்டுக்கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பறிப்பன்று கூப்பிடாமலேயே ஊர் முற்றத்தில் கூடிவிட்டது. மேல்தோலைக் கசக்கி முடித்தபோது என் கை மரத்துப்போயிருந்தது. சில ஓடுகள் கசக்கும்போதே வாய் பிளந்திருந்தன. நான் நம்பவில்லை, நம்பி ஏமாந்தால் தாங்கமாட்டேன். மாமியார் முதல் கூடையைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

சடசடவென்று அடியில் போய் இறங்கியது. மேலே சில ஓடுகளும் சருகும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டாவது கூடை, மூன்றாவது கூடை, எல்லாம் கல்போல முழுகியது. மாமியார் "அல்லா, அல்லா" என்று சொல்லிக்கொண்டே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் குதித்து வந்தவள் தோஜினிசாதான். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "நான் சொல்லல? எங்க தம்பி பொண்டாட்டி காலு பொன்னுக் காலு! என்னா ராசி, என்னா ராசி! ஊர்ல யாருக்கு இருக்கு இப்படி ஒரு மருமக?"

கூட இருந்த பெண்களும் "ஆமா, ஆமா, ராசிக்காரி" என்றார்கள். போன வருஷம் என் கையிலிருந்து ரொட்டி வாங்கத் தயங்கிய ஒருத்தி என் முக்காட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். இனிப்பாகப் பேசும்போது வாங்கி வைத்துக்கொள்வதுதான் நல்ல மருமகளுக்கு அழகு. ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"அக்கா, விடுங்க. ராசி கீசின்னு ஆரம்பிக்காதீங்க."

"நல்லதைத்தானேடி சொல்றேன்?"

"நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். இன்னைக்கு நிறைஞ்சதுக்கு என் ராசி காரணம்னா, போன வருஷம் காலியானதுக்கும் நான்தான் காரணம்னு ஆயிடும். ரெண்டுமே நான் இல்ல. நான் கழுதை மேல போய்ப் பூ கொண்டுவந்தேன். எனக்கு இடுப்பு வலிச்சுது. ராசிக்கு இடுப்பு வலிக்குமா?"

 தோஜினிசாவின் கை என் தோளில் அப்படியே நின்றது. பெரியவர்கள் எதிரில் இப்படிப் பேசிவிட்டேனே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மாமியார் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மசூதிக்கு நேரமாகிவிட்டது. அவர் கிளம்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் கிளம்பவில்லை. அங்கிக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். முழங்கை வரை தண்ணீரில் விட்டு, அடியிலிருந்து ஒரு கை நிறைய அள்ளி எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்தார்.

"மரத்தை வெட்டினவன் நான்" என்றார். "காய் எப்படிப் பிடிக்கும்னு என் வீட்டுக்காரி கேட்டா, காதுல வாங்கல. ஓடு காலியானது என்னால. பழி இந்தப் பொண்ணு மேல விழுந்தப்ப வாயைப் பொத்திட்டு இருந்ததும் நான்தான். பூ கொண்டுவந்தது அவ. இதுக்கு நடுவுல ராசின்னு ஒருத்தர் வரவேயில்ல. தோஜினிசா, நீ இதை வீடு வீடாப் போய்ச் சொல்லு. போன தடவை போன எல்லா வீட்டுக்கும்."

பிறகு கையிலிருந்ததை என் முக்காட்டு நுனியில் கொட்டிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அனோர்குல் தொட்டிக்குள்ளேயே கண்ணீர் விட்டாள் என்று தோஜினிசா அந்த எல்லா வீட்டிலும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அது பொய். அவர் கையை எடுத்தபோது தெறித்த தண்ணீர்தான் என் முகத்தில் இருந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம்.